இரண்டாவது பொத்தானின் உயரம்

"ஏம்மா, உங்க சட்டைப் பொத்தான்தான் இந்த ஊர்ச் சட்டமா?" என்று பல் டாக்டர் அம்மாவிடம் கேட்டபோது, மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த மகள் அவர் வீட்டு வாசலில் குடையோடு நின்றிருந்தாள்.

"சட்டம் நாலேகால் அடி உயரத்துல அளக்கச் சொல்லுது சார். என் ரெண்டாவது பொத்தான் சரியா நாலேகால் அடி," என்றாள் அம்மா, மரத்தைக் கட்டிப்பிடித்து அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே.

"மரத்தோட பேரே தூங்குமூஞ்சி. இதுக்கு இவ்வளவு காவலா?"

"தூங்குறவங்களுக்குத்தானே சார் காவல் வேணும்? நீங்க பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி படம் எடுத்துப் பார்க்குறதில்லையா?"

அம்மா நாடாவைப் பார்த்தாள். எண்பத்தொன்பதரை சென்டிமீட்டர்.

"தொண்ணூறுக்குக் கீழே. அனுமதி வேண்டாம் சார், வெட்டிக்கலாம்."

"அரை சென்டிமீட்டர்ல தப்பிச்சேன்!"

"நீங்க தப்பிச்சீங்க. அது மாட்டிக்கிச்சு," என்று சொல்லி அம்மா டப்பாவை வாங்கிக்கொண்டாள். மறுநாளே மரம் சாய்ந்தது. அங்கே கார் ஷெட் வந்தது.

நகராட்சியில் அம்மா பத்தொன்பது வருட மர ஆய்வாளர். தெருக்களில் அவள் பெயர் 'டேப் அக்கா'. குடியிருப்பு மனையில் அடிமரச் சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டரைத் தொட்ட எந்த மரத்தையும் கேட்காமல் வெட்டக் கூடாது. அனுமதி கிடைத்து வெட்டினாலும், ஒன்றுக்கு மூன்று கன்று நட்டு மூன்று வருடம் வளர்த்துக் காட்ட வேண்டும். இந்த விதியை ஏய்க்க மக்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஒருவர் வேரில் வெந்நீர் ஊற்றினார். இன்னொருவர், ஆய்வு நாள் காலையில் எங்கிருந்தோ ஒடித்து வந்த கிளையைக் கன்று என்று மண்ணில் செருகி வைத்தார். அம்மா அதை இரண்டு விரலால் உருவி எடுத்து, "வேர் ஊருக்குப் போயிருக்கா? எப்போ திரும்பும்?" என்று கேட்டாள்.

டாக்டர் வீட்டு மரம் போய் இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா, அலுவலகத்தில் புதிதாகக் கொடுத்திருந்த மழைக்கால பூட்ஸைக் கழுவினாள். ஈரம் போயிற்றா என்று பார்க்கக் காலில் மாட்டிக்கொண்டு சமையலறைக் கதவோரம் நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள். பொத்தான் உயரத்தைச் சரிபார்க்க அந்தக் கதவு நிலையில் அவள் எப்போதோ போட்ட பென்சில் கோடு, இன்று பொத்தானுக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது. பூட்ஸின் அடிப்பாகம் அவ்வளவு தடிமன். டாக்டர் வீட்டில் அளந்த அன்றும் இதே பூட்ஸ்தான் காலில்.

மறுநாள் மரவாடிக்குப் போனாள். அந்த மரத்தின் அடித்துண்டு இன்னும் அறுபடாமல் கிடந்தது. தரையில் விட்ட அடிக்கட்டையின் உயரத்தைக் கழித்து, சரியான இடத்தில் நாடாவைச் சுற்றினாள். தொண்ணூறு. அதற்கு மேல் ஒரு நூல்.

அந்த மாதம்தான் தலைமை ஆய்வாளர் பதவிக்குப் பெயர்ப் பட்டியல் போகவிருந்தது. முதல் பெயர் அம்மாவுடையது.

"வெட்டினது வெட்டியாச்சு. துண்டு நாளைக்கு மேசை நாற்காலி ஆயிடும். நீயா போய் ஏன் தலையைக் கொடுக்குறே?" என்றார் அப்பா.

"அரை சென்டிமீட்டருக்காக எத்தனை பேர்கிட்ட மல்லுக்கு நின்னிருக்கேன், தெரியுமா? அவங்க முகத்துல நான் எப்படிங்க முழிக்கிறது?"

அப்பா எழுந்து போய் அவளுக்குக் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார்.

பதவி அந்த வருடம் வேறொருவருக்குப் போயிற்று. டாக்டர் மேல் குற்றமில்லை என்று முடிவானது. ஈடாக நட வேண்டிய மூன்று கன்றுகளை அம்மா அதே தெருவில் தன் கையால் நட்டாள். மூன்றாம் வருட ஆய்வில் மூன்றும் நின்றன. ஆய்வாளர்கள் எல்லோருக்கும் அளவு குறித்த கோல் கொடுக்கப்பட்டது. முன்பெல்லாம் கல்லூரியில் யாராவது கேட்டால், "அம்மா அரசாங்க வேலை," என்று சொல்லி நிறுத்திக்கொண்ட மகள், அதன் பிறகு, "எங்கம்மா மரம் அளக்கிறவங்க," என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அப்பா பேனா எடுத்துத் தந்த அன்று, அளவு தவறியதை ஒப்புக்கொள்ளும் கடிதத்தை அம்மா தமிழில்தான் எழுதினாள். அலுவலகக் கோப்பு வேறு மொழியில். இரண்டு மொழியும் படித்த மகள் அதை மொழிபெயர்த்து எழுத உட்கார்ந்தாள். வழுக்கும் சேறு, புதுக் காலணி, கொட்டும் மழை என்று நல்ல நல்ல காரணங்கள் அவள் பேனா முனையில் வந்து நின்றன. அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு கேட்கட்டுமாடி? மழையாலன்னு மட்டும் எழுதிடாதே. மழை வந்து அளக்கல. நான்தான் அளந்தேன்."