குருமாவில் முந்திரி இல்லை

என் உடம்பைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் என் புகுந்த வீட்டில் ஏராளம். முந்திரிப்பருப்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கல்யாணமான புதிதில் சொன்னபோது, "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லாத சீக்கால்லா இருக்கு!" என்று சிரித்தார்கள். இவர்களுக்கு வராத சீக்கு உலகத்தில் எவருக்குமே வரக்கூடாதாம்.

எனக்கு அது வருகிற வழி தெரியும். முதலில் உதடு குறுகுறுக்கும். பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். கழுத்திலும் வயிற்றிலும் தடிப்பு எழும்பும். குரல் கம்மி, தொண்டை அடைக்க ஆரம்பித்தால் அப்புறம் யோசிக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் என் கணவரிடம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சரி, சரி" என்பார்.

போன வருஷம் அவருடைய அக்காள் மகளுக்கு நிச்சயதார்த்தம். தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டையில் அவர்கள் வீட்டு மாடியில் பந்தல். காலைப் பலகாரம் பூரியும் குருமாவும்.

"மதினி, முந்திரி அரைச்சு ஊத்தியிருக்கா?" என்று அவர் அக்காளிடம் கேட்டேன்.

"தேங்காயும் கசகசாவுந்தாம்ளா. தைரியமாத் தின்னு."

ஒரு பூரி முழுசாக உள்ளே போகவில்லை, உதடு குறுகுறுத்தது. எழுந்து கை கழுவுவதற்குள் உள்ளங்கை அரித்தது. கழுத்தில் தடிப்பைக் கண்டதும் கூட்டம் கூடி, தீர்ப்பும் சொல்லிவிட்டது: காணாக்கடி! தோலில் எது தடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று கடித்துவிட்டது என்பதுதான் எங்கள் பக்கத்து முடிவு. அந்தப் பூச்சியை எவனும் பார்த்ததில்லை. ஆனாலும் அடித்துச் சொல்வார்கள். ஒருத்தி வேப்பிலை ஒடிக்க ஓடினாள். மந்திரிக்கிற ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார் என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர். நான் தின்றது என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். என் குரல் கரகரத்ததைக் கேட்டு எனக்கே பயம் வந்துவிட்டது.

மதினி தன் தம்பியைப் பார்த்தாள். "ஏலே, ஒன் பொண்டாட்டிய உக்காரச் சொல்லு. தட்டு மாத்துத நேரத்துல எந்திரிச்சுப் போனா அவங்க என்ன நெனப்பாங்க? நல்லா நடிக்கா!"

எல்லாம் தெரிந்த என் கணவர் என் பக்கம் திரும்பினார். "கொஞ்ச நேரந்தான, பொறுத்துக்கோயேன்."

சீ! என்ன மனுஷன்! படியிறங்கி, திருநெல்வேலி ரோட்டில் போன ஆட்டோவை மறித்துத் தனியாக ஏறினேன். வழியிலேயே மூச்சு விசிலடித்தது. செத்துப்போய்விடுவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்துத்தான் என்னை மீட்டார்கள்.

அக்காளும் தம்பியும் சாயங்காலம் வந்தார்கள். மதினி பட்டுச்சேலைகூட மாற்றவில்லை.

"நாலஞ்சு பருப்புதாம்ளா அரைச்சேன். அத்தாப் பெரிய அண்டாவுல அது எங்கன கெடக்கப் போவுது? நீ கண்டுபிடிக்கியான்னு பாத்தேன்" என்றாள், வெட்கமே இல்லாமல்.

சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதல்லவா, ஒரு டப்பா மக்ரூனும் வாங்கி வந்திருந்தாள். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரிப் பொடியும் சேர்த்து அடிப்பதுதான் மக்ரூன் என்பது தூத்துக்குடியில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். அவள் மூளை அவ்வளவுதான் என்று அதையும் விட்டுத் தொலைத்திருப்பேன்.

என் கணவர் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றுகொண்டே, விரலில் ஒட்டிய தூளைக்கூடத் துடைக்காமல், "இப்பம் எப்படி இருக்கு?" என்று என் கன்னத்தைத் தொட வந்தார்.

கையைத் தட்டிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டேன்.

"இவங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்புங்க."

"ஒங்க வீட்டு ஆளுங்கதான?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல" என்றேன்.