ஆளில்லாத் தெருவில் ஒருத்தி

எனக்குப் பொறாமை வந்தது ஒரு பொம்பளை மேல். அதுவும் என் சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லாதவள் மேல்.

என் வீட்டுக்காரர் முத்தியால்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக்காரர் பழைய அச்சுப்படக் கட்டு ஒன்றை அவரிடமே விட்டுவிட்டுப் போனார். செப்புத் தகட்டில் மயிரிழை மயிரிழையாகக் கீறி, மை பூசி எடுத்த படங்களாம். அவர்கள் தேசத்து நகரங்கள். பெரிய பெரிய தூண் வைத்த கட்டடங்கள், நம் கடற்கரைச் சாலையில் நிற்கிறதே, அதே ஜாதி. தெருவில் குதிரை வண்டி, கூடைக்காரி, சண்டை போடும் நாய்கள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை.

வீட்டில் இருப்பது ஒரே கூடம், தொழுகையும் அதில்தான். முகம் இருக்கிற படத்தை மாட்டினால் மலக்குமார், அதான் வானவர்கள், உள்ளே வரமாட்டார்கள் என்பது மாமியார் காலத்துக் கட்டுப்பாடு. எங்கள் கல்யாணப் போட்டோகூட பீரோவில் துணிக்கு அடியில்தான் கிடக்கிறது. அதனால் ஆளே இல்லாத ஒரு தெருவாகப் பார்த்து எடுத்து வந்து மாட்டினார். வெறும் தூண், படிக்கட்டு, ஜன்னல். நானும் சரியென்று விட்டேன்.

கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவார், பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை எடுப்பார், படத்தின் முன்னால் போய் நிற்பார். "ஏங்க, டீ ஆறுது" என்றால் "ம்". புதுப் புடவை கட்டிக்கொண்டு எதிரில் நின்றேன். அதற்கும் "ம்". கல்லுக் கட்டடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு மத்தியானம் அவர் கடைக்குப் போனபின் நானே லென்ஸை எடுத்துப் பார்த்தேன். மேல்மாடி ஜன்னலில், திரையைப் பாதி விலக்கிக்கொண்டு ஒருத்தி! கண், மூக்கு, கழுத்தில் மணிமாலை, எல்லாம் இருக்கிறது. அடிப்பாவி!

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "யாரு அவ?"

"எவ?"

"மாடில நிக்கிறாளே, அவதான். ஆளே இல்லன்னு சொல்லித்தான மாட்டுனீங்க?"

"அல்லா மேல சத்தியமா, மாட்டும்போது தெரியாது புள்ள. அப்புறந்தான் பார்த்தேன். எவ்ளோ நுணுக்கமா கீறியிருக்கான் பாரு! எடது புருவம் லேசா ஏறியிருக்கு. யாரையோ எதிர்பாக்கறா."

புருவமாம்! இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் புருவத்தைப் பற்றி இந்த வாய் ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

"அவ எட்டிப் பார்த்தா மட்டும் மலக்குமாருக்குக் கண்ணு தெரியாதா? அவ செவுத்துல, நான் பீரோவுலயா?"

சிரித்தார். "பொம்மை கூடவா போட்டி? பைத்தியமா உனக்கு?"

"ஆமா, பைத்தியந்தான்."

பீரோவைத் திறந்து கல்யாணப் போட்டோவை எடுத்துவந்து அவர் கையில் திணித்தேன். "ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் சட்டம் போடறீங்கல்ல, இதுக்கும் போடுங்க. சமையக்கட்டுல மாட்டிக்கிறேன், அங்க யாரும் தொழல."

வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். ஏதாவது சொல்வார், ஒரு வார்த்தையாவது சொல்வார்.

சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார்.

"கறுப்புச் சட்டமா, தங்கக் கலரா?" என்றார். அவர் கட்டைவிரல் என் முகத்தின் மேல் இருந்தது.