புனிதத்தின் பெயரால் ஒரு சோலைவரி

படலையைத் தட்டினால், உள்ளே ஆள் இருந்துகொண்டே “வீட்டில ஒருத்தரும் இல்லை” என்று பதில் வரும் தொழில் எது, சொல்லுங்கள் பார்ப்போம்? வீட்டுக்கும் வளவுக்கும் சபை போடும் சோலைவரியை வாங்குவதுதான். சீட்டுக்காசு கேட்டு அலைந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

நிலாவெளிப் பக்கம், எங்கள் கிராமசபைக்காக, இடுப்பில் கைக்குழந்தையோடு வீடு வீடாகப் போனேன். அந்த வருடம் எங்கள் ஊர்ப் புனிதம் பேராதனைக் கம்பசுக்குப் படிக்க எடுபட்டாள். தகப்பன் கரைவலை இழுக்கிறவர். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை. வரியில் ஒரு பங்கை அவளுக்குக் கொடுப்பதென்று சபை தீர்மானித்தது. வரி சேராவிட்டால் அவள் வீட்டோடுதான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படலைக்குப் படலை அவள் பெயரைச் சொன்னேன். காசு வந்தது, கூடவே கதையும் வந்தது.

சம்மாட்டியார்

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் காசைக் கையில் வைத்துக்கொண்டு, “டாக்குத்தருக்கோ படிக்கப்போறாள்?” என்றார்.

“இல்லை ஐயா, புவியியல். மலை, ஆறு, கடல் எல்லாம் படிக்கிறது.”

காசு திரும்பவும் மடிக்குள் போகப் பார்த்தது. என் பிள்ளை வீரிட்டு அழுததால்தான் தந்தார்.

“கடல் எந்தப் பக்கம் எண்டு என்ர வீட்டுக் கோழிக்கும் தெரியும் பிள்ளை, அதுக்கும் ஒரு படிப்போ!”

சந்திக்கடை நானா

புனிதம் கம்பசுக்குப் போனபின் அடுத்த தவணை வரி. கிண்ணியாவிலிருந்து வந்து சந்தியில் கடை வைத்திருக்கும் நானா பேச்சில்லாமல் கட்டுகிறவர். அன்றைக்குத் தேத்தண்ணியும் தந்தார். அவளுக்கு ஒரு பாடத்தில் புள்ளி குறைவென்று எப்படியோ கேள்விப்பட்டிருந்தார்.

“முழு வரியும் எடுக்கிறீங்க தங்கச்சி, புள்ளி மட்டும் ஏன் அரைவாசி?”

ஞானம்மாக்கா

விடுமுறைக்குப் புனிதம் வந்து பஸ்ஸால் இறங்கினாள். மீன் விற்கும் ஞானம்மாக்கா கடகத்தை இறக்கிவைத்துவிட்டு, அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

“நாங்கள் கட்டுற வரி எங்க போகுது? பிள்ளை காய்ஞ்ச கருவாடாய் வந்து நிக்குதே!”

என் குசினி

அன்று பின்னேரம் புனிதம் வந்தாள். கதிரை கொடுத்தும் உட்காரவில்லை. குசினி அடுப்புக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். புதுச் செருப்புக்குக்கூட ஆட்கள் கணக்குக் கேட்கிறார்களாம். “படிப்பை விட்டிடுவன் போல கிடக்கு” என்றாள்.

அடுத்த தவணை வரிக்கு நான் இன்னும் இறங்கவில்லை. அவள் பெயரைச் சொல்லாவிட்டால் படலை திறக்காது. ஊர்க்காசில் படிக்கிறவளுக்கு ஊரெல்லாம் மாமியார்தான்.

“நான் என்ன செய்ய, சொல்லு” என்றேன்.

“காசு வேணும் அக்கா, அது இல்லாமல் போக ஏலாது. ஆனா என்ர பேரைச் சொல்லாதேங்கோ. ரோட்டுப் போட எண்டு சொல்லுங்கோ. ரோட்டை ஆரும் மறிச்சுக் கேள்வி கேக்கமாட்டினம்.”