கப்பல் வேலைக்கு ஒம்பது நாள் ஒத்திகை

கப்பல் வேலைக்கு மனசைத் தயார் பண்றேன்னு, கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒம்பது நாள் பேசாம இருந்தவன் நானுங்க. சண்டையில்ல, சச்சரவில்ல. வயசு நாப்பத்தாறு. சொல்லவே கூச்சமாத்தான் இருக்குது.

கோயமுத்தூர்ல ஒரு ஓட்டல்ல துணி வெளுக்கற பக்கம் எனக்கு வேலை. பெட்ஷீட்டு, துண்டுன்னு இருவது வருசம். அதே வேலை, சுற்றுலாக் கப்பல்ல, எட்டு மாசத்துக்குக் கெடைச்சுது. முன்னாடியே போயிட்டு வந்த சோமனூர்க்காரர் ஒருத்தர்கிட்ட யோசனை கேட்டேன்.

"துணி எங்க போனாலும் துணிதானுங்க. சன்னல் இல்லாத ரூமு, லீவே கெடையாது, அதெல்லாங்கூடப் பழகிரும். ஊட்டு நெனப்புத்தான் ஆளைச் சாய்ச்சுப்போடும். மனசைத் தயார் பண்ணிக்குங்க"ன்னார்.

பண்ணிப்போட்டேன். நடுக்கடல்ல நெனச்ச நேரம் போன் பேச முடியாதே, இப்பவே பழகிக்கலாம்னு சூலூர்ல எங்க ஊட்டுக்குள்ளயே வாயை மூடிட்டேன். அவகிட்டச் சொன்னா பரிதாபப்பட்டுப் பேச்சுக் குடுப்பா, பயிற்சி கெட்டுரும்னு அதையும் சொல்லலை. "ஏனுங்க, இன்னொரு தோசை ஊத்தட்டுங்களா?"ம்பா. நான் கையை மட்டும் ஆட்டுவேன். அஞ்சாம் நாள் எம்மேல எனக்கே மரியாதை வந்துருச்சு.

ஒம்பதாம் நாள் சாயங்காலம், செவந்த கையை ஊதிக்கிட்டே வந்தா. ஆனைமலை மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்திருக்கறா. நமக்கு அநியாயம் பண்ணுனவனை அம்மனே பாத்துக்கட்டும்னு அரைக்கறதுங்க அது.

"ஆருக்கு அரைச்சே?" பதறிப் போயி வாயைத் தொறந்துட்டேன்.

"எம்புருசன் வாயைக் கட்டுனவனுக்குங்க."

கட்டுனவன் நாந்தான்னு விவரத்தைச் சொன்னேன். கையைத் தண்ணியில முக்கிக்கிட்டே என்னைய மேலயும் கீழயும் பாத்தா.

"அப்பச் செரி. மொளகா வீணாப் போகல."

கப்பலேறுனேன். துணி பழகிருச்சு. சன்னலில்லாத ரூமும், மேல்கட்டில்ல கொறட்டை விடற கோவாக்காரரும் பழகிருச்சு. ஆனாத் துண்டு மடிக்கறப்பெல்லாம் அவகிட்டச் சொல்ல ஏதாச்சும் ஒண்ணு தோணிக்கிட்டே இருந்துது. நாலாம் நாள் ஒரு துறைமுகத்துல நின்னதும் போனைப் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "முடியலை அம்மணி, எறங்கி வந்தரட்டுமா?"ன்னேன்.

"அந்த ஒம்பது நாள்ல பழகுனது நானுங்க, நீங்க இல்ல. போயி வேலையைப் பாருங்க."