கை நீட்டாத கதிரவேல்

சல்லி என்கிற கடற்கரை ஊரில் கதிரவேலைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் கை வைக்காத போட் எஞ்சின் இருக்காது. கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் அவருடைய வளவு. சுற்றிவரத் தகர வேலி, முன்னுக்குத் தகரப் படலை, உள்ளே வேப்பமரத்தடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு பெரிய பீப்பாய். கழற்றிப் பூட்டிய எஞ்சினை அந்தப் பீப்பாய்க்குள் இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பார். அயலட்டை முழுக்கக் காதைப் பொத்திக்கொள்ளும். யாரும் முறைப்பாடு சொல்வதில்லை, நாளைக்குத் தங்கள் எஞ்சினும் அந்தப் பீப்பாய்க்குத்தான் வரவேண்டும்.

யாரிடமும் எதற்கும் கை நீட்டாத மனிதர் என்று ஊரில் அவருக்குப் பேர். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில், சோற்றுப் பார்சலுக்கு ஊரே வரிசையில் நிற்க, இவர் மட்டும் யாரோ கைவிட்டுப் போன ஜெனரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றது மனைவி இரத்தினேஸ்வரி. வாங்கி வந்த பார்சலை இவரும்தான் தின்றார். அதை அவர் ஒருநாளும் கதையில் எடுத்ததில்லை. இரத்தினேஸ்வரி நல்ல மனுசி, அவளும் சொல்லிக் காட்டியதில்லை.

கை நீட்டாதவருக்குக் கொடுத்துப் பெருமைப்படுகிற குணமும் கூடவே வளர்ந்துவிடும். கோயில் திருவிழா, சாவீடு, விளையாட்டுக் கழகம், எதற்கு யார் வந்தாலும் கதிரவேல் இல்லையென்று சொல்லமாட்டார். முடியாது என்பதற்கு ‘ஏலாது’ என்று ஒரு சொல் நம்முடைய தமிழில் இருக்கிறது. சின்னச் சொல், யாருக்கும் வாய் நோகாது. அது மட்டும் அவருக்கு வராது. பிறகு நடந்த அவ்வளவுக்கும் மூலகாரணம் அதுதான் என்பேன் நான்.

‘கரையோர மக்கள் உரிமை மேடை’ என்று ஓர் அமைப்பு பக்கத்து ஊரான சாம்பல்தீவில் வாடகை வீடொன்றில் பலகை மாட்டியபோது, முதலில் உதவியவர்களில் கதிரவேலும் ஒருவர். அதில் நியாயம் இருந்தது. அவருடைய அப்பாவின் மீன்வாடி நின்ற கரைத்துண்டு சண்டைக் காலத்தில் நேவியின் முள்ளுக்கம்பி வேலிக்குள் போயிருந்தது. சண்டை முடிந்தும் வேலியை எடுக்கவில்லை. மிச்சமிருந்த கரையில் போட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. மேடைக்காரர் மனுப் போட்டார்கள், அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு நடையாய் நடந்தார்கள், வெயிலில் பதாகை பிடித்தார்கள். கடைசியில் நாலு போட் இழுத்து வைக்கிற அளவுக்கு வேலி பின்னால் போனது. அன்றைக்குக் கதிரவேல் அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று வாய்விட்டுச் சொன்னார். அதுதான் பிழை. அந்தச் சொல்லை மேடை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மேடையில் இந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு துஷாந்தி. தாய்வழியில் சல்லிப் பிள்ளை, கலியாணம் முடித்துச் சாம்பல்தீவில் இருப்பவள். சிவப்பு ஸ்கூட்டியில் வந்து, படலைக்கு வெளியே நின்று, “கதிரவேல் அண்ணா, நான் துஷாந்தி வந்திருக்கிறன்” என்று கூப்பிடுவாள். முதலில் மாதத்துக்கு ஒருமுறை காசு கேட்டு வந்தாள். பிறகு கிழமைக்கு ஒருமுறை. அதற்கும் பிறகு, அவள் வராத நாட்களிலும் போனில் அவள் குரல் பதிவாக வந்தது.

“அன்பான அண்ணா, இண்டைக்கு இரவுக்குள்ள நாங்கள் இலக்கை எட்டாட்டி எல்லாம் கைவிட்டுப் போயிடும்.” “அண்ணா, இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.” “அண்ணா, நீங்களும் எங்களைக் கைவிட்டிட்டீங்களோ?” கடைசிச் சந்தர்ப்பத்துக்கு அடுத்த நாள் இன்னொரு கடைசிச் சந்தர்ப்பம் வரும். மண்டப வாடகை, சுவரொட்டி, கொழும்புக் கூட்டம், ஏதோ ஒரு வெளிநாட்டு மாநாடு. அது எந்த நாடு என்று கேட்டால் அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் காலையில் துஷாந்தியின் கையிலேயே காசைக் கொடுத்தார். அன்று பின்னேரமே அவள் குரல் போனில் கேட்டது: “அண்ணா, நீங்கள் இதுவரைக்கும் பங்களிக்கேல்லை எண்டு எங்கட பதிவு சொல்லுது.”

கதிரவேலுக்குக் கோபம் வந்தது. கோபத்தை விட மனவருத்தம் கூட. வேலி விலகின மாதிரி இன்னொரு வேலை நடந்ததா என்றால் அதுவுமில்லை. கேட்பது மட்டும் நடந்தது. ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, ‘பிள்ளை, இப்ப ஏலாது, கொஞ்சம் பொறுங்கோ’ என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்லமாட்டாரே! கொடுக்கிற மனிதர் என்ற பேர் என்னாவது? அதனால் ஒளிக்கத் தொடங்கினார்.

ஸ்கூட்டிச் சத்தம் அவருக்கு நல்ல அத்துப்படி. ஒழுங்கை முனையில் அது திரும்பும்போதே எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். “அவர் பட்டணம் போயிட்டார்” என்று இரத்தினேஸ்வரி பொய் சொல்லவேண்டும். “நேவிக்காரன் தேடி வந்தபோதும் கதிரையில இருந்து அசையாத மனுசன், ஒரு பெட்டைக்குப் பயந்து அடுப்படியில குந்தியிருக்கிறீங்களே” என்று அவள் ஒருநாள் சிரித்தே விட்டாள். ஒருமுறை கடற்கரையில் வைத்துச் சிவப்பு ஸ்கூட்டி கண்ணில் பட்டதும், கவிழ்த்து வைத்த போட்டுக்குக் கீழே புகுந்துகொண்டார். வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். வெளியே வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. தன்னைத் தானே அருவருத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த அருவருப்பு யார்மேல் திரும்பியது என்று நினைக்கிறீர்கள்? துஷாந்தி மேல்.

வைகாசியில் முத்துமாரி அம்மனுக்குத் திருவிழா. நேர்த்திக்கடன் வைத்த பெண்கள் மஞ்சள் சீலை உடுத்து, வேப்பிலை செருகி, வெறுங்காலோடு வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை எடுப்பார்கள். எவ்வளவு வசதிக்காரியானாலும் வாசலில் நின்று, மடியை ஏந்தி, வாய்விட்டுக் கேட்கவேண்டும். ஒரு பிடி அரிசிதான் போடுவது. கேட்கிறவளின் கௌரவம் அந்தத் தெருவிலேயே உதிர்ந்து போகவேண்டும் என்பதுதான் நேர்த்தி. சேர்ந்த அரிசியில் கோயிலில் பொங்கி வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். மடிப்பிச்சைக்கு வந்தவளை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. நாய்க்குச் சோறு வைக்காத வீட்டிலும் அன்றைக்கு ஒரு பிடி அரிசி இருக்கும்.

திருவிழாக் காலையில் இரத்தினேஸ்வரி பொங்கல் வேலைக்கென்று வெள்ளனவே கோயிலுக்குப் புறப்பட்டாள். வாசல்படியில் ஒரு சின்ன ஓலைக் கடகத்தில் அரிசி வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, மடிப்பிச்சைக்கு ஆரும் வந்தா இதில ஒரு பிடி அள்ளிப் போடுங்கோ. கையைக் கழுவிப்போட்டு அள்ளுங்கோ.”

“ஓம் ஓம்” என்றார் கதிரவேல். அவருடைய தலை எஞ்சினுக்குள் இருந்தது. சாம்பல்தீவுக்காரர் ஒருவருக்கு அன்றைக்கே கொடுக்க வேண்டிய எஞ்சின், இழுத்தால் இருமிவிட்டு நின்றுபோகிறது. அதற்கிடையில் போன் வேறு மூன்று தரம் கிணுகிணுத்தது. மூன்றும் மேடைதான். மூன்றாவதில் துஷாந்தியின் குரல், “அண்ணா, நீங்கள் பதில் சொல்லாட்டி நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?” என்றது. போனைக் கவிழ்த்து வைத்தார். உடம்பெல்லாம் எரிந்தது.

எஞ்சின் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. பீப்பாய்த் தண்ணீர் கொதித்துத் துள்ளியது. சத்தத்துக்குள்ளே படலைத் தகரத்தில் யாரோ தட்டுவது போலிருந்தது. எஞ்சினை நிறுத்தினார்.

“கதிரவேல் அண்ணா, நான் துஷாந்தி வந்திருக்கிறன்.”

அதே குரல், அதே வார்த்தை. திருவிழா நாளில் கூட விடமாட்டாளா?

“அண்ணா, ஏதாவது போடுங்கோ அண்ணா.”

இத்தனை நாளும் குசினிக்குள்ளும் போட்டுக்கு அடியிலும் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக வாய்க்கு வந்தது. பெண்பிள்ளைகளை ‘நீங்கள்’ என்றே கதைத்துப் பழகிய மனிதர், அன்றைக்கு அதையும் விட்டார்.

“போ அங்கால! ஊர் ஊராப் பிச்சை எடுத்துத்தான் உன்ர பிழைப்பெண்டா, அதுக்கு என்ர படலைதானா கிடைச்சது? பிச்சைக்காரருக்கும் ஒரு வெக்கம் இருக்கும். உனக்கு அதுவும் இல்லையோ? ஒரு சதமும் இல்லை, போ!”

தகர வேலி அவர் குரலை வாங்கி ஒழுங்கை முழுக்க எறிந்தது. கதிரவேலுக்கு நெஞ்சு லேசானது. பொய் சொல்வானேன், சந்தோசமாகவே இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன் என்று துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஸ்கூட்டி புறப்படும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

ஸ்கூட்டி புறப்படவில்லை. மணலில் காலடிதான் கேட்டது, அதுவும் செருப்பில்லாத காலடி.

படலையைத் திறந்தார். மஞ்சள் சீலை. தலையில் வேப்பிலை. இரண்டு கையாலும் மடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துஷாந்தி ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்தாள். அவளோடு துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நின்று இவரைப் பார்த்தாள்.

“என்ன மனுசனப்பா நீ? அவளின்ர பெடியன் மதுசனுக்கு டெங்கு வந்து, பெரியாஸ்பத்திரியில சாகக் கிடந்தவன் எல்லோ. தப்பி வந்தா தாயின்ர ஊரில மடிப்பிச்சை எடுக்கிறனெண்டு நேர்த்தி வச்சவள். உன்ர வீட்டிலதான் முதல் கேக்கவேணுமெண்டு நேர இஞ்ச வந்தவள். கதிரவேல் அண்ணா இல்லையெண்டு சொல்லமாட்டார் எண்டவள்.”

கதிரவேல் உள்ளே ஓடினார். எண்ணெய்க் கையோடு கடகத்துக்குள் கைவிட்டு அரிசியை அள்ளிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடி வந்தார். அக்கா கையை விரித்து மறித்தாள்.

“இப்ப போட ஏலாது. நடுத்தெருவில வாங்கக் கூடாது, வாசலிலதான் வாங்கவேணும். இல்லையெண்டு சொன்ன வாசலுக்கு அவள் திரும்பி வரவும் கூடாது. போ, உன்ர எஞ்சினைப் பார்.”

கையில் அரிசியோடு நின்றார். வேலிகளுக்கு மேலாக இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். மண்ணைப் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. அரிசி எண்ணெய் பிடித்துக் கறுத்துப்போயிற்று. காகங்களும் அதைத் தொடாது.

மத்தியானம்வரை வேப்பமரத்தடியில் இருந்தார். ஒரு வேலையும் ஓடவில்லை. கோயிலுக்குப் போகாமல் இருக்கலாம். எத்தனை நாளைக்கு? இரத்தினேஸ்வரிக்கு இதற்குள் கதை போயிருக்கும். துஷாந்திக்கு ஒளித்தாயிற்று, இனி அம்மனுக்கும் ஒளிப்பதா? எழும்பிக் கையை மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினார். நக இடுக்கில் கறுப்பு அப்படியே இருந்தது. வேட்டி கட்டிக்கொண்டு நடந்தார். போகும் வழியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: தெரியாமல் நடந்த பிழைதானே. அவள் மடிப்பிச்சைக்கு வந்தது தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? அதைச் சொல்லிவிடலாம். பாவம், விளங்கிக்கொள்வாள்.

கோயில் வீதியில் பானைகள் இறங்கியிருந்தன. துஷாந்தி வாளியோடு வரிசை வரிசையாக வந்து, ஏந்திய கைகளில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். பெடியன் மெலிந்துபோய், ஒரு தூணோடு சாய்ந்து இருந்தான். இரத்தினேஸ்வரி அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கணவனைக் கண்டதும் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டாள். இருபத்தைந்து வருடக் கலியாணத்தில் அவள் அப்படித் திருப்பியதில்லை.

கதிரவேல் செருப்புகள் கிடக்கும் இடத்தில், கடைசி வரிசையில் நின்றார். துஷாந்தி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“பிள்ளை” என்றார். “நான்... நீங்கள் மேடைக்குக் காசு கேட்டு வந்தனீங்கள் எண்டு நினைச்சிட்டன்.”

“தெரியும் அண்ணா.”

அவ்வளவோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தார். அவள் விடவில்லை.

“மேடைக்கு வந்திருந்தா அப்பிடிச் சொல்லலாமோ அண்ணா?”

வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்த சாட்டு கையை விட்டுப் போனது.

“போனில வாற அந்த வொய்ஸெல்லாம் மேடைக்காரர் எழுதித் தருவினம், நான் வாசிச்சுக் குடுக்க அவையள் அனுப்புவினம். ஒவ்வொரு நாளும் கேக்க எனக்கு வெக்கமில்லை எண்டு நினைக்கிறீங்களோ? பெடியன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கயும் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து வாசிச்சனான். ஏலாதெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உங்கட பேரை வெட்டியிருப்பன். நீங்கள் ஒளிச்சது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ? போட்டுக்குக் கீழ உங்கட கால் தெரிஞ்சது.”

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அருகில் நின்ற ஒன்றிரண்டு பேருக்குத்தான் கேட்டிருக்கும். ஊரே கேட்டிருந்தாலும் அதைவிடக் கூசியிருக்காது.

“ஏலாது பிள்ளை” என்றார் கதிரவேல். “இனி மேடைக்குத் தர எனக்கு ஏலாது. முந்தியே சொல்லியிருக்க வேணும்.”

“சரி அண்ணா.” புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கரண்டியால் அள்ளினாள். “கையை நீட்டுங்கோ.”

அவர் நீட்டவில்லை. பின்னால் தள்ளி நின்றார். “எனக்கு வேண்டாம் பிள்ளை. என்ர வீட்டு அரிசி இதில இல்லை.”

“ஒருத்தரையும் விடக்கூடாது. விட்டா என்ர நேர்த்தி முடியாது. நீட்டுங்கோ அண்ணா.”

கரண்டியில் பொங்கல் ஆவி பறந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள், வரிசையும் காத்து நின்றது. சோற்றுப் பார்சல் வரிசையில் தனக்காக நின்ற இரத்தினேஸ்வரி தூணடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரவேல் நகமெல்லாம் கறுத்த இரண்டு கைகளையும் சேர்த்து, ஏந்தி, துஷாந்திக்கு முன்னால் நீட்டினார். அவள் மற்றவர்களுக்கு வைத்த அளவே அவருக்கும் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.