எழுத்தில்லாத நாலு பக்கம்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க... இப்ப விடலாம்." நாளெல்லாம் அவள் வாயில் வருவது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. அத்தான் அச்சகத்தில் பிழை திருத்துபவர். போதாததற்கு வீட்டுக்கும் தாள்கட்டைத் தூக்கிவந்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். நல்ல மனுஷன்தான், குடி இல்லை, கோபம் இல்லை. பேச்சும் இல்லை. பக்கத்தில் இடி விழுந்தாலும் ஒற்றுப்பிழையைத்தான் தேடுவார்.

அக்காவுக்குத் துணை காமிக்ஸ். பீரோவில் புடவைக்கு ஒரு தட்டு, மற்றதெல்லாம் காமிக்ஸ். "சின்னப்பிள்ளைங்க பொம்மை புக்கு" என்று அத்தான் ஒருமுறை சொன்னதோடு சரி. நான்தான் பொங்கினேன், அவள் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் ஆசை விடவில்லை. ஒன்றையாவது அவர் படிக்க வேண்டும், படித்துவிட்டு அதைப் பற்றி அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். பைத்தியக்காரி, நகை கேட்டிருந்தால்கூட வாங்கித் தந்திருப்பார்.

போன மாதம் அத்தான் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டோடு கிடந்தார். இதுதான் சமயம் என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். பீரோ முன் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம்.

"துப்பறியிற கதை குடேன்" என்றேன்.

"கடைசிப் பக்கத்தைப் புரட்டி, யாரு கொலைகாரன்னு பாத்துட்டு மூடிருவாருடி."

"பறக்கிற ஆளு?"

"எப்படிப் பறக்கிறான்னு கேப்பாரு. முன்னாடி வந்ததைப் படிச்சிருந்தாதான் புரியும்னா அதுவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு. அதோட கதை முடியணும்."

கடைசியில், என்னைக்கூடத் தொடவிடாத ஒன்றை எடுத்தாள். ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் ஒருத்தியின் கதை. நடுவில் நாலு பக்கம் ஒரு சொல்லும் கிடையாது. கேட்டை மூடுகிறாள், ரயில் போகிறது, திறக்கிறாள், துணி காயப்போடுகிறாள், மறுபடி மூடுகிறாள்.

"இதைப் பாத்தா கல்லும் கரையும்" என்றாள் அக்கா.

கல் அரை மணியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நாலு பக்கத்தின் தலையிலும் சிவப்பு மையில், 'எழுத்து விடுபட்டுள்ளது. சரிபார்க்க.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் அத்தான், எழுத்தைத் தவிர வேற எதுவுமே உங்க கண்ணுல படாதா?"

"இல்லம்மா, அச்சுல விட்டுப்போச்சு. கடையில சொன்னா மாத்திக் குடுப்பாங்க" என்றார், பச்சைப்பிள்ளை மாதிரி.

அக்கா புத்தகத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் விரலைப் பிடித்து முதல் கட்டத்தின் மேல் வைத்தாள்.

"படிக்காதீங்க. பாருங்க."

பார்த்தார். விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் பேனாவை மூடி வைத்தார். நாலாம் பக்கம் முடிந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

"இத்தனை ரயில் போகுதே" என்றார். "ஒருத்தராவது நின்னு இவகிட்ட ரெண்டு வார்த்தை பேச மாட்டாங்களா?"

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "மாட்டாங்க."

"ஏன்?"

"அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு."

"ச்ச்... பாவம்" என்றார் அத்தான், மனதார. புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டுத் தாள்கட்டை எடுத்துக்கொண்டார்.