கழுத்தில் கத்தி படாத கடமான்

அப்போதுதான் செத்த கடமானின் காதுக்குள் விரலை விட்டால் சூடாக இருக்கும். நம்முடைய காதைப் போலவே மடிப்பு மடிப்பாக, மெல்லிய மயிரும் அழுக்குமாக இருக்கும். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே விரல் நுழைந்து போகப் போக, ஈரத்துணியைக் கிழிப்பது போன்ற ஓசை சன்னமாகக் கேட்கும். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், சாமையும் புளியுமாகப் பிழைத்த வீட்டில் பிறந்த எனக்குச் சிறு வயது என்றதும் முதலில் கேட்பது அந்த ஓசைதான்.

அந்த ஓசையைக் கேட்டது எந்த மாதம் என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் தீராத வழக்கு உண்டு. தை என்பான் அவன். அப்போது தூளியில் கிடந்த குழந்தை அவன். அம்மா சொன்னதை வைத்துப் பேசுகிறான். எனக்கு ஒப்புதல் இல்லை. சாமை அறுத்து முடிந்திருந்தது, கடமானின் கொம்பில் உறைத்தோல் உரிந்து கொம்பு முற்றியிருந்தது, பனி இறங்கத் தொடங்கியும் மழை முழுதாக ஓயவில்லை. இவை மூன்றும் ஒத்துப்போவது கார்த்திகைப் பிற்பாதியில்தான். ஆண்டைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வேட்டைக்குச் சட்டம் தடை போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது என்பதும், எங்கள் ஊருக்கு மின்கம்பம் வந்து கம்பி வராமல் நின்ற காலம் என்பதும் மட்டும் உறுதி.

அந்தக் கார்த்திகையில் என் சித்தப்பா காவலில் இருந்தார். சந்தனக்கட்டையோடு பிடிபட்டிருந்தார். கட்டை அவருடையதல்ல; அடிவாரத்தில் சந்தவாசலில் இருந்த ஒரு மர வியாபாரிக்காகச் சுமந்தது. அந்த ஆளை எல்லோரும் ‘முதலாளி’ என்றே சொல்வார்கள். அப்பா போய் அவர் காலில் விழுந்தபோது அவர் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு கடமான் தலை வேண்டும் என்றார். கொம்பு மட்டும் போதாது, முகமும் கழுத்தும் தோளும் உயிரோடு நிற்பதுபோல இருக்க வேண்டும். “தலை வந்தா உன் தம்பி வருவான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே சித்தப்பாவை அடித்து அவர் கைகளை வீங்க வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். அப்பா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

முதலாளியின் ஜீப் டிரைவர் ஒரு மூட்டை கல்லுப்போடு வந்தார். தோலைப் ‘பாடம் பண்ணுகிற’ பட்டணத்து ஆள் சொல்லியனுப்பியதை எங்கள் வாசலில் நின்று ஒப்பித்தார்.

“சட்ட கழட்ற மாதிரிங்க. பின்னால, முதுவு பக்கமா தொறக்கணும். தொண்டையில கத்தி படவே கூடாது. பட்டா தையல் தெரியும், முதலாளி தூக்கிக் கடாசிடுவாரு. மயிரு நனையக்கூடாது. காத உள்ளுக்குள்ள பிரிச்சுத் திருப்பி உப்பு வைக்கணும், இல்லாட்டி அழுவிப் போய்டும்.”

அம்மாவின் தம்பி பொன்னன் மாமா சிரித்தார். “இன்னாய்யா, மானுக்குச் சட்ட கழட்டிட்டு அப்பறம் வேட்டி கட்டுவீங்களா?”

டிரைவர் மாமாவின் விரல்களைப் பார்த்தார். “நீ சிரி. இந்த மம்பட்டிக் காம்ப வச்சிக்கினு காதுக்குள்ள எப்டிப் போவ? சின்ன வெரலு வேணும்.”

அப்படித்தான் அப்பா, மாமா, உப்பு மூட்டையோடு வந்த டிரைவர் ஆகியோருடன் நானும் காட்டுக்குப் போனேன். அம்மா தடுத்துப் பார்த்தாள். “பொட்டப்புள்ளய காட்டுக்கு இட்டுனு போறீங்களே” என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மிருகம் விழுந்தாலும், மூச்சு நிற்பதற்குள் தொண்டையை அறுத்து முதல் ரத்தத்தை மண்ணுக்கு விடுவார்கள். அது காட்டுக்குச் சேர வேண்டிய பங்கு. கொடுக்காமல் தோலில் கை வைத்தால் வீட்டில் ஆள் தங்காது என்பார்கள். அந்த அறுப்பு எப்போதும் பொன்னன் மாமாவுடையது. இந்த முறை வேண்டாம் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மாமா கொடுவாளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

விடியும் வேளையில் உவர்மண் நக்க ஓர் ஆண் கடமான் வந்தது. அப்பா நாட்டுத் துப்பாக்கியால் சுட்டார். தோளுக்குப் பின்னால் பட வேண்டிய குண்டு இடுப்பில் பட்டது. பின்னங்கால்கள் செத்துப்போக, முன்னங்கால்களால் தன் உடம்பை இழுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குள் போய் மாட்டிக்கொண்டு அது கத்தியது. பிற்காலத்தில் வேட்டை நூல்கள் பலவற்றைத் தேடிப் படித்திருக்கிறேன். அந்தக் கத்தலை எழுதியவர் யாரையும் நான் காணவில்லை. மறுபடி சுட்டால் வனக்காவலர்கள் வெடி வந்த திசையைப் பிடித்து வந்துவிடுவார்கள். தலையில் அடிக்கக்கூடாது, முகம் கெடும். கழுத்தை அறுக்கக்கூடாது. அப்பா ஈட்டியை விலாவில் குத்தினார். அது எலும்பில் வழுக்கியது. மறுபடி குத்தினார். கடமான் தலையை வீசியது. கொம்பு அப்பாவின் தொடையைக் கிழித்தது. ஈட்டிக் காம்பு முறிந்தது. முறிந்த காம்பை இரண்டு கையாலும் பிடித்து, அழுதுகொண்டே, அதே புண்ணில் திரும்பத் திரும்ப அழுத்தினார். கடமானின் வாயில் சிவந்த நுரை பொங்கியது. கண் மட்டும் எங்களையே பார்த்தது. டிரைவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

“போதும் வுடு மச்சான். இது வேட்டையா? வதைக்கிற நீ” என்றார் மாமா.

“கிட்ட வராதடா. எந்தம்பி உள்ள கெடக்கறான்.”

மாமா கொம்பை ஒரு கையால் பிடித்து, மறுகையிலிருந்த கொடுவாளைத் தொண்டையில் ஒரே இழுப்பாக இழுத்தார். ரத்தம் காய்ந்த மூங்கில் இலைகளின்மேல் சடசடவென்று விழுந்தது. கத்தல் நின்றது. அந்த அமைதியில் அப்பா துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் மாமாவின் வாயில் அடித்தார். விழுந்தவரை மறுபடி அடித்தார். “எந்தம்பியக் கொன்னுட்டியேடா” என்று சொல்லிச் சொல்லி அடித்தார். டிரைவர் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திராவிட்டால் அன்றைக்கு அங்கே இரண்டு பிணம் கிடந்திருக்கும்.

அதற்குப் பிறகும் வேலை நடந்தது. கிழிந்த தொடையோடு அப்பாவால் குனிய முடியவில்லை. தோலுரிக்க மாமாதான் வர வேண்டியிருந்தது. தாடை ஒரு பக்கமாகத் தொங்க, ரத்தத்தைத் துப்பித் துப்பி, அவர் பிடரியில் கத்தி வைத்துத் திறந்தார். கண் இமையும் உதடும் கிழியாமல் முகத்தைச் சுற்றி எடுத்தார். கொம்பை மண்டையோட்டுத் துண்டோடு வெட்டித் தனியே வைத்தார். காதை என்னிடம் தள்ளினார். நான் விரலால் பிரித்துப் பிரித்து, கையுறையைத் திருப்புவதுபோல அதை உள்வெளியாகத் திருப்பினேன். பிறகு உப்பு. மூட்டை முழுவதையும் தோலின் உட்புறத்தில் தேய்த்தோம்; நகக்கண்ணில் இருந்த கீறல்களில் அது தீயாக எரிந்தது. தொண்டை வெட்டை மாமா கோணி ஊசியால் உள்பக்கமிருந்து தைத்தார். கறியை எடுக்க டிரைவர் விடவில்லை. எடுத்தால் ஊருக்கே தெரியும் என்றார். தோள்வரை தோலில்லாத கடமானை அப்படியே விட்டுவிட்டு இறங்கினோம்.

சந்தவாசலில் முதலாளி தோலை விரிக்கச் சொன்னார். நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். முதலாளி கடமானின் முகத்தைத் தடவினார், காதைத் தூக்கிப் பார்த்தார், தொண்டைக்குக் கீழே கையை ஓட்டினார்.

“கத்தி படலியே?”

“படலைங்க.”

ஆண் கடமானுக்குக் கழுத்தைச் சுற்றி மயிர் அடர்ந்து தொங்கும். தையல் அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது. “ஜோரா கீதுடா” என்றார் முதலாளி. அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பா அந்தக் கழுத்துமயிரையே பார்த்தார்.

சித்தப்பா வந்தார். முதலாளி சொன்னதால் விட்டார்களா, தாங்களாகவே விட்டார்களா என்று எழுத்தில் ஏதாவது இருக்கிறதா எனப் பின்னாளில் தேடினேன்; எதுவும் கிடைக்கவில்லை. அவர் வந்த அன்று அம்மா ஆரத்தி எடுக்கவில்லை. “உங்க தம்பிக்கு எந்தம்பி வாயக் குடுத்துட்டு வந்துட்டீங்க” என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். மாமாவின் தாடை கோணலாகவே ஒட்டியது. அவர் எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. அப்பாவும் அங்கே போகவில்லை.

இப்போது அந்த உவர்மண் பக்கம் கடமான் இல்லை. என் வயதுக்காரர்களே அதைப் பார்த்து வெகுகாலமாகிறது என்கிறார்கள். முதலாளி வீடு கைமாறி இடிபட்டு, அங்கே ஒரு கடைவரிசை நிற்கிறது. வழக்குக்குப் பயந்து அவருடைய பிள்ளைகள் அந்தத் தலையைக் கொல்லையில் எரித்துவிட்டார்களாம். அப்பா போய்விட்டார், சித்தப்பாவும்.

மாமா இருக்கிறார். சென்ற மார்கழியில் போய்ப் பார்த்தேன். கூழை ஒரு பக்கத்து வாயால் மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும், நேற்று நடந்ததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“தையல் தெரிஞ்சுதா பாப்பா?”

“தெரியல மாமா. மயிரு மறச்சிடுச்சு.”

“உங்கப்பனுக்குத் தெரியுமா, அது தெரியலன்னு?”

“அவருதானே மாமா விரிச்சுக் காட்டுனாரு.”

மாமா கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தார். வாயோரம் வழிந்ததைத் துடைத்தார்.

“பின்ன இன்னாத்துக்கு ஒரு நாளு கூட வரல?”